தானமாக வந்த மாட்டின் பல்லையும் பார்க்க வேண்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. இலவசமாகத் தருபவரிடம் குறை காண்பது பண்பாகாது என்பது அதன் பொருள். ஆனால், அந்த மாட்டின் பாலைக் கறந்து ஊருக்கே விற்கப் போகிறவர் என்ன செய்ய வேண்டும்? அவர் பல்லைப் பார்த்தாக வேண்டும். மாட்டுக்கு நோய் இருந்தால் பாதிக்கப்படுவது பாலைக் குடிக்கிறவர்கள் அல்லவா?

இன்றைய தலைப்பு அப்படிப்பட்ட ஒரு தானத்தைப் பற்றியது. திறந்த மூல வார்ப்புருக்களைக் கொண்டு, பெரிய நிறுவனங்களுக்கான இணையச் செயலிகளை ஜாவா மொழியில் உருவாக்குவதே அது.

இது கணினி படித்தவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். வங்கிக் கணக்கை இணையத்தில் பார்ப்பவர், காப்புறுதிக்கு மனுச் செய்பவர், பிள்ளையைக் கல்லூரியில் பதிபவர் என எல்லாருடைய அடையாளக் கார்டு எண்ணும் முகவரியும் இத்தகைய ஏதாவதொரு செயலிக்குள்தான் உறங்குகின்றன. அந்தச் செயலியின் அடித்தளம் எங்கிருந்து வந்தது என்பது அவர்களையும் பாதிக்கிறது.

அச்சு முறுக்கும் வார்ப்புருவும்

தீபாவளிக்கு அச்சு முறுக்கு சுடுவதை நம் வீடுகளில் பார்க்காதவர் குறைவு. அச்சை மாவில் தோய்த்து, கொதிக்கும் எண்ணெயில் இறக்கினால், பூவைப் போன்ற முறுக்கு கழன்று விழுகிறது. ஒவ்வொரு முறுக்குக்கும் கையால் வடிவம் செய்ய வேண்டியதில்லை. வடிவம் அச்சிலேயே இருக்கிறது. டெம்பிளேட் என்று கணினித் துறையினர் சொல்லும் வார்ப்புருவும் இந்த அச்சைப் போன்றதுதான்.

மருத்துவமனைக்குச் செய்தாலும் சரி, கூட்டுறவுச் சங்கத்துக்குச் செய்தாலும் சரி, ஒரு நிறுவனச் செயலிக்குச் சில பகுதிகள் கட்டாயம் தேவை. பயனர் உள்நுழையும் பக்கம், கடவுச்சொல்லைக் காக்கும் முறை, யாருக்கு எந்த அதிகாரம் என்ற பிரிவு, தரவுத்தள இணைப்பு, மின்னஞ்சல் அனுப்பும் வசதி, பிழைகளைப் பதிவு செய்யும் வசதி ஆகியவை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். இவற்றை முதலிலிருந்து எழுதினால் பல வாரங்கள் பிடிக்கும். வார்ப்புருவைப் பயன்படுத்தினால் இவையெல்லாம் சில நிமிடங்களில் இயங்கத் தொடங்குகின்றன. மீதமுள்ள காலத்தை வாடிக்கையாளர் கேட்ட வேலைக்குச் செலவிடலாம்.

கனத்த சுமையிலிருந்து வந்த வழி

ஜாவா மொழியை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995-ஆம் ஆண்டில் வெளியிட்டது. பெரிய நிறுவனங்களுக்கென ஜே2ஈஈ என்ற பதிப்பு 1999-ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. வலிமை வாய்ந்தது என்றாலும் அது மிகக் கனமானது. வாடிக்கையாளர் ஒருவரின் பெயரையும் முகவரியையும் சேமிக்கும் சிறிய வேலைக்குக்கூட நிரலாளர் பல கோப்புகளை எழுத வேண்டியிருந்தது. அவற்றை விளக்குவதற்கு இன்னொரு நீண்ட கோப்பும் தேவைப்பட்டது.

இந்தச் சுமையைக் குறைக்கத் திறந்த மூல ஆர்வலர்கள் முன்வந்தார்கள். கிரெய்க் மெக்கிளனஹன் 2000-ஆம் ஆண்டில் ஸ்ட்ரட்ஸ் சட்டகத்தைத் தந்தார். தரவுத்தளத்தோடு எளிதாகப் பேச உதவும் ஹைபர்நேட்டை கேவின் கிங் 2001-இல் தொடங்கினார். ராட் ஜான்சன் 2002-இல் வெளியிட்ட நூலோடு கொடுத்த நிரல்களிலிருந்து ஸ்பிரிங் சட்டகம் பிறந்தது. அதன் முதல் முழுப் பதிப்பு 2004-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியானது.

கருவிகள் கிடைத்துவிட்டன. ஆனால், அவற்றை ஒன்றோடொன்று பொருத்துவது பெரும் தலைவலியாக இருந்தது. அந்த வேளையில்தான் மேட் ரெய்பிள் என்ற அமெரிக்க நிரலாளர் 2003-இல் ஆப்ஃபியூஸ் என்ற வார்ப்புருவை வெளியிட்டார். ஸ்ட்ரட்ஸ், ஹைபர்நேட் முதலியவற்றைப் பொருத்தி, உள்நுழைவு வசதியும் பயனர் பட்டியலும் சேர்த்து, இயங்கும் நிலையில் கொடுத்துவிட்டார். திட்டத்தின் பெயரையும் தரவுத்தளத்தின் பெயரையும் சொன்னால் போதும். புதிய செயலியின் எலும்புக்கூடு தயாராகிவிடும்.

பின்னர், 2013-இல் ஜூலியன் துபுவா என்ற பிரெஞ்சு நிரலாளர் ஜேஹிப்ஸ்டர் என்ற இன்னொரு கருவியைத் தொடங்கினார். எந்தத் தரவுத்தளம், எத்தகைய திரை, எந்த மொழிகள் என்று அது ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும். பதிலுக்கு ஏற்ப நூற்றுக்கணக்கான கோப்புகளை எழுதித் தரும். உலகெங்கும் பல நிறுவனங்களின் செயலிகள் இப்படித்தான் பிறந்தன.

சட்டகம் வேறு, வார்ப்புரு வேறு

இங்கே இளம் நிரலாளர்கள் பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ஸ்பிரிங் போன்ற சட்டகம், கடையில் வாங்கிய டயரைப் போன்றது. அதில் குறை இருப்பதாகத் தயாரிப்பாளர் அறிவித்தால், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டலாம். வார்ப்புரு அப்படிப்பட்டதன்று. அது எழுதித் தந்த நிரல், அந்த நிமிடமே உங்கள் நிரலாகிவிடுகிறது. அச்சை நாளை சரிசெய்தாலும், நேற்றுச் சுட்ட முறுக்கில் விழுந்த விரிசல் மாறாது.

இதற்கு 2019-ஆம் ஆண்டில் உண்மையான சான்று கிடைத்தது. கடவுச்சொல்லை மறந்தவருக்குச் செயலி ஓர் இரகசிய எழுத்துத் தொடரை மின்னஞ்சலில் அனுப்பும். அந்தத் தொடரை யாராலும் ஊகிக்க முடியாதபடி உருவாக்க வேண்டும். ஜேஹிப்ஸ்டர் எழுதித் தந்த நிரலோ, ஊகிக்கக்கூடிய முறையில் அதை உருவாக்கியது. தீய எண்ணம் கொண்ட ஒருவர் தம் சொந்தக் கணக்குக்கு ஒரு தொடரைக் கேட்டுப் பெறுவார். அதை வைத்து, அடுத்து வரப்போகும் தொடர்களைக் கணக்கிடுவார். பிறகு நிர்வாகியின் கணக்குக்கு மாற்றம் கேட்டு, மின்னஞ்சலைப் பார்க்காமலேயே அந்தக் கணக்கைக் கைப்பற்றிவிடுவார்.

குறை தெரிந்ததும் ஜேஹிப்ஸ்டர் குழுவினர் அதை மறைக்கவில்லை. 6.3.0 பதிப்பில் சரிசெய்து, எல்லாருக்கும் அறிவித்தார்கள். ஆனால், அதற்கு முன் உருவான செயலிகள் என்னவாகும்? கருவியை மட்டும் புதுப்பித்துவிட்டால் அவை குணமாகிவிடா. ஒவ்வொரு செயலியின் உரிமையாளரும் தம் நிரலைத் திறந்து திருத்த வேண்டும். பொதுவில் கிடைத்த திட்டங்களைத் தேடிப் பிடித்து, ஆயிரக்கணக்கானோருக்குத் திருத்தத்தைத் தாமே அனுப்பிவைத்தார் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர். நிறுவனங்களுக்குள் பூட்டிக் கிடக்கும் நிரல்களுக்கு அவரால் என்ன செய்ய முடியும்?

கவனிக்காத வீட்டுக்கு வந்த கதி

மாற்றக்கூடிய சட்டகத்தையும் மாற்றாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் சான்றாக நிற்கிறது. மக்களின் கடன் விவரங்களைத் தொகுத்து வைக்கும் நிறுவனம் அது. அதன் இணையச் செயலி ஒன்று ஸ்ட்ரட்ஸ் சட்டகத்தில் இயங்கியது. அந்தச் சட்டகத்தில் கடுமையான ஓட்டை இருப்பதாக 2017 மார்ச் 7-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. அதே நாளில் இலவசத் திருத்தமும் வெளியானது. நிறுவனத்துக்குள் இரண்டே நாளில் சுற்றறிக்கையும் போனது.

ஆனாலும், அந்தச் செயலி திருத்தப்படவில்லை. சுற்றறிக்கை பெற வேண்டியவர்களின் பட்டியல் பழையதாக இருந்தது. எந்தெந்தச் செயலியில் ஸ்ட்ரட்ஸ் இருக்கிறது என்ற முழுக் கணக்கும் கைவசம் இல்லை. மே மாதம் ஊடுருவியவர்கள் ஜூலை இறுதி வரை உள்ளே இருந்தார்கள். ஏறக்குறைய 147 மில்லியன் மக்களின் விவரங்கள் களவு போயின. வழக்குகளை முடித்துக்கொள்ள 2019-இல் அந்த நிறுவனம் குறைந்தது 575 மில்லியன் அமெரிக்க டாலர் தர ஒப்புக்கொண்டது. திருத்தம் இலவசம். அதைச் செய்யாததற்குக் கொடுத்த விலையோ இவ்வளவு.

பல்லைப் பார்க்கும் முறை

அப்படியானால் வார்ப்புருவே வேண்டாமா? வேண்டும். உள்நுழைவுப் பகுதியை அனுபவமில்லாதவர் புதிதாக எழுதினால், அதில் இன்னும் பல ஓட்டைகள் இருக்கும். பலர் பார்த்து, பலர் திருத்திய வார்ப்புரு அதைவிடப் பாதுகாப்பானது. எடுப்பவர் சிலவற்றைச் சோதித்துவிட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலாவது, உரிமம். ஆப்ஃபியூஸ், ஜேஹிப்ஸ்டர் இரண்டும் அப்பாச்சி உரிமத்தின் கீழ் வந்தவை. வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், உரிமக் குறிப்புகளை நீக்கக் கூடாது. பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்றும் அந்த உரிமம் வெளிப்படையாகச் சொல்கிறது. அதாவது, பொறுப்பு எடுத்தவருடையது. வேறு சில உரிமங்கள், மென்பொருளைப் பிறருக்கு வழங்கும்போது மூல நிரலையும் கொடுக்கச் சொல்கின்றன. படிக்காமல் எடுத்தால் பின்னால் சிக்கல்தான்.

இரண்டாவது, உயிர். வார்ப்புருவை இன்னும் யாராவது பராமரிக்கிறார்களா? பெரும் புகழ் பெற்ற ஆப்ஃபியூஸுக்கே அதன் ஆசிரியர் 2016-இல் விடை கொடுத்துவிட்டார். 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3, ஜாவா 17 அல்லது அதற்குப் பிந்தியதைக் கேட்கிறது. ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பல பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. பழைய வார்ப்புருவில் கட்டிய செயலியைப் புதிய சட்டகத்துக்கு மாற்ற, கோப்புக் கோப்பாகத் திருத்த வேண்டியிருக்கும்.

மூன்றாவது, சாவி. பல வார்ப்புருக்களில் சோதனைக்கென அட்மின் என்ற கணக்கு, அட்மின் என்ற கடவுச்சொல்லோடு வரும். ஜேஹிப்ஸ்டரிலும் அப்படித்தான். எல்லாருக்கும் தெரிந்த சாவி அது. வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் முன் அதை நீக்காவிட்டால், புது வீட்டைக் கட்டிச் சாவியை வாசலில் தொங்கவிட்டதாகத்தான் ஆகும். இரகசிய விசைகளையும் ஒவ்வொரு செயலிக்கும் புதிதாக உருவாக்க வேண்டும்.

நான்காவது, பட்டியல். செயலிக்குள் என்னென்ன நிரல் தொகுப்புகள், எந்தப் பதிப்பில் இருக்கின்றன என்று எழுதி வைக்க வேண்டும். லாக்4ஜே என்ற சிறிய தொகுப்பில் மிகக் கடுமையான ஓட்டை இருப்பது 2021 டிசம்பரில் தெரியவந்தபோது, அது தம்மிடம் இருக்கிறதா இல்லையா என்று தேடுவதிலேயே பலருக்கு நாட்கள் கழிந்தன. பட்டியலைச் சோதித்துக் குறை சொல்லும் கருவிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. தேவையில்லாத பகுதிகளை முதல் நாளே வெட்டி எறிவது இன்னும் நல்லது.

மலேசியர் கவனத்துக்கு

இது அமெரிக்கக் கதை என்று விட்டுவிட முடியாது. மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டது. தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் விதிக்கப்படும் அதிகபட்ச அபராதமும் 300,000 வெள்ளியிலிருந்து ஒரு மில்லியன் வெள்ளியாக உயர்ந்துவிட்டது. பிறருக்காகத் தரவைக் கையாளும் நிறுவனங்களும் இப்போது பாதுகாப்புக் கடமைக்கு நேரடியாக உட்பட்டவை. இரண்டு மூன்று பேரைக் கொண்டு இயங்கும் சிறு நிறுவனம், "வார்ப்புருவில் அப்படித்தான் இருந்தது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

செயலி செய்யச் சொல்லும் முதலாளிகளும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பழக வேண்டும். எப்போது முடியும், எவ்வளவு ஆகும் என்பதோடு, முடிந்த பிறகு யார் பராமரிப்பார் என்றும் கேளுங்கள். பராமரிப்புக்கான தொகையையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மலிவாக முடிந்த வேலை என்று மகிழ்ந்துவிட்டு, நாளைக்குச் சொந்த வாடிக்கையாளர்களிடம் தலைகுனிய வேண்டாம்.

கணினி பயிலும் மாணவர்களுக்கும் ஒரு சொல். வார்ப்புருவை எடுத்து, சின்னத்தை மாற்றி, பெயரை மாற்றிக் கொடுப்பதால் யாரும் நிரலாளர் ஆகிவிட முடியாது. ஒரே ஒரு முறையாவது உள்நுழைவுப் பக்கத்தைக் கையால் எழுதிப் பாருங்கள். கடவுச்சொல் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு வார்ப்புருவைத் திறந்தால் அதன் ஒவ்வொரு வரியும் உங்களோடு பேசும். குறை கண்டால் அதை ஆக்கியவர்களுக்குத் தெரிவியுங்கள். முடிந்தால் திருத்தியும் கொடுங்கள். தானம் பெற்றவர் திருப்பிச் செய்யும் நன்றி அதுதான்.

மாட்டைக் கொடுத்தவர்கள் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்கள். அதற்குத் தீனி போடுவதும், நோய் வந்தால் பார்ப்பதும் வாங்கியவர் கடமை. பால் குடிக்கப் போகிறவர்கள் நம் பிள்ளைகளும் பெற்றோர்களும்தான்.