'ஸ்னோப்' என்றால் யார்?



"அவர் பெரிய ஸ்னோப்" என்று ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எளியவரைக் கண்டால் முகம் சுளிப்பார்; மேலிடத்தைக் கண்டால் குழைவார். பணத்தைக் காட்டிப் பெருமையடித்தால் அது வெறும் பந்தா. பிறப்பு, படிப்பு, பேச்சு, குடியிருக்கும் இடம் இவற்றை வைத்து ஆளை எடை போடுவதுதான் ஸ்னோப் குணம்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பிரபுக் குடும்பத்தில் பிறக்காத மாணவரின் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்பட்ட இலத்தீன் சொற்றொடரின் சுருக்கம் என்று ஒரு கதை உலவுகிறது. சுவையான கதைதான், ஆனால் அதற்குச் சான்று இல்லை.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் 'ஸ்னோப்' என்றால் செருப்புத் தைப்பவர். கேம்பிரிட்ஜ் மாணவர்கள், பல்கலைக்கழகத்தைச் சேராத ஊர்மக்களை ஏளனமாக அப்படி அழைத்தார்கள். ஒரு தொழிலாளியின் பெயர் வசையாகிப் போனது. இந்தப் பழக்கம் நம் சமுதாயத்துக்கும் புதிதல்லவே!

பிறகு வந்தவர் தாக்கரே. 1811இல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கில எழுத்தாளர். 'பஞ்ச்' வார இதழில் 1846, 1847ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய நையாண்டிக் கட்டுரைகள் 1848இல் நூலாயின. பெரிய மனிதர்களை அண்டிப் பிழைத்துக்கொண்டு மற்றவரை இளக்காரம் செய்தவர்களையே அவர் ஸ்னோப் என்றார். இப்படியாக, எளியவர்மீது வீசப்பட்ட சொல் வீசியவர்கள் பக்கமே திரும்பியது.

கோலா கெத்தில் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குணத்தை விளக்க வேண்டியதில்லை. துரைக்கு ஒரு பங்களா, கிராணிக்கு ஒரு வீடு, தொழிலாளிக்கு லயம். மனிதனின் மதிப்பைக் குடியிருப்பே சொல்லிவிடும். துரையாவது வெள்ளைக்காரர். அவருக்கு முன்னால் கைகட்டி நின்ற நம்மவரே, தொழிலாளிக்கு முன்னால் துரையாக மாறியதுதான் கொடுமை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்த, வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் மட்டுமே அவர்கள் கோரிக்கையாக இருக்கவில்லை. துரைமாரையோ உள்ளூர் அதிகாரிகளையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். வயிற்றுப் பசியோடு மானத்தையும் சேர்த்துப் பேசிய போராட்டம் அது.

இன்று அந்தத் துரைகள் இல்லை. பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள் சுங்கைப்பட்டாணியிலும் பினாங்கிலும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் அவர்களில் சிலர், பிறருடைய பேச்சைக் கேட்டு "எஸ்டேட் ஆளு" என்று சிரிக்கும்போது, அந்தப் பழைய கிராணியின் குரல்தானே கேட்கிறது? அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பெற்றோர்களே, தாத்தா மரம் சீவினார், பாட்டி பால் வாளி சுமந்தார் என்பதைப் பிள்ளைகளிடம் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அதைப் பெருமையாகக் கேட்டு வளரும் பிள்ளை எவரையும் இளக்காரமாகப் பார்க்காது.