பெங்களூர் நகரமும் அபாய சமுதாயக் கொள்கையும்



ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் உல்ரிச் பெக் அபாய சமுதாயத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்ட 1986-ஆம் ஆண்டிலேயே செர்னோபில் அணு உலையும் வெடித்துச் சிதறியதனால், அவருடைய கொள்கைக்குப் பிரத்தியட்ச சாட்சி கிடைத்துவிட்டது என்று ஐரோப்பியர் பலர் கருதினர். 1984 டிசம்பரில் போபால் விஷவாயுக் கசிவைக் கண்டுவிட்ட நமக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்க முடியாது. முன்னாளில் செல்வத்தைப் பங்கிட்டுக் கொள்வதிலேயே பூசலிட்டு வந்த சமுதாயம், இந்நாளில் தன் தொழில்வளமும் விஞ்ஞானமும் ஈன்ற கேடுகளைப் பங்கிடுவதில் பூசலிடுகிறது என்பதும், அக்கேடுகள் புலன்களுக்கு எட்டாதவை, தேச எல்லைகளுக்கு அடங்காதவை, முடிவில் தம்மை விளைத்தவனையும் தீண்டாமல் விடாதவை என்பதும் பெக் கூறியவற்றின் சாரம்.

2022 செப்டம்பரில் பெங்களூர் நகரத்தைக் கண்டவர்கள் பெக்கின் வாக்கு பலித்துவிட்டது என்றே எண்ணியிருப்பார்கள். ஏரிக்கு ஏரி நீரைக் கொண்டுசென்ற ராஜகாலுவைகளைக் குறுக்கியும், ஏரிப் படுகைகளைத் தூர்த்தும் எழுப்பிய கட்டடங்களுக்கிடையே போக வழியற்ற மழைநீர், சர்ஜாபூர்ப் பகுதியின் கோடீசுவரர் மாளிகைகளுக்குள்ளும் புகுந்தது. வெளிவட்டச் சாலையின் கணினி நிறுவன ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குச் சென்றார்கள். ஆயினும் மாளிகைக்காரர் ஓட்டலில் அறை எடுத்துக்கொள்ள, அம்மாளிகையைத் துடைத்துப் பிழைத்தவள் தன் தகரக் கொட்டகையின் சேற்றிலேயே நின்றாள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வெள்ளம் எல்லோரையும் தொட்டது என்று சொல்லலாமே தவிர, எல்லோரையும் சமமாகத் தொட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1898-இல் பிளேக் நோய் பரவியபோதும் மல்லேசுவரம், பசவனகுடி என்னும் காற்றோட்டமான புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துபோக வசதியுள்ளவர்களாலேயே இயன்றது. நெருக்கமான பேட்டைத் தெருக்களில் தங்கியவர்களுக்கு பிளேக் மாரியம்மனே துணை.

ஆகவே, நம் ஊருக்குப் பெக்கைவிட மற்றொரு ஜெர்மானியச் சமூகவியல் அறிஞரான நிக்லாஸ் லூமன் அதிகம் பயன்படுவார் என்பது என் அபிப்பிராயம். இலாபத்தை எண்ணித் தானே துணிந்து ஒருவன் தலையில் ஏற்றுக்கொள்ளும் கேடு ஒன்று. பிறர் செய்த தீர்மானத்தால் கேளாமலே வந்து விழும் கேடு வேறு. தீர்மானிப்பவனுக்கு முதல் வகையாக இருப்பதே, அதனால் பாதிக்கப்படுபவனுக்கு இரண்டாம் வகையாகிவிடுகிறது என்று அவர் காட்டினார். இதற்கு நம் ஊரின் தண்ணீர்ப் பஞ்சமே சான்று. 2024 மார்ச்சில் நகரத்துக்கு நாளொன்றுக்கு வேண்டிய 260 கோடி லிட்டர் நீரில் 50 கோடி குறைகிறது என்றும், ஏறத்தாழ 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டன என்றும் அரசாங்கம் அறிவித்தது. அடுக்குமாடிச் சங்கம் ஆயிரம் அடிக்கு மேலும் துளையிடத் தீர்மானிக்கையில், அதற்கு அது ஒரு செலவுக் கணக்கு. அக்கம்பக்கத்துக் குடிசைக்கோ கைப்பம்பு காற்றை இறைக்கும் காலம். டேங்கர் லாரியின் விலை உயர்வைச் சங்கம் மாதச் சந்தாவில் சேர்த்துக்கொள்ளும். குடிசைக்காரி வேலைக்குப் போகாமல் குடத்தோடு வரிசையில் நிற்பாள்.

இவ்வேறுபாட்டைப் பெங்களூர்த் தமிழருக்கு விளக்க நூல்கள்கூட வேண்டுவதில்லை. தமிழ்நாட்டுக்கு நீர் விடக் காவிரி நடுவர் மன்றம் இட்ட இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும், 1991 டிசம்பரில் மூண்ட தமிழர் எதிர்ப்புக் கலவரத்தின் அடியைத் தாங்கியவர்கள் அந்நீரைக் கேட்ட தஞ்சை உழவர்கள் அல்லர்; இந்நகரத்தின் தெருக்களில் கூலி வேலை செய்த தமிழ் ஏழைகளே. அவர்களும் குழாயில் வந்த காவிரியைத்தான் குடித்து வந்தார்கள் என்பதை அன்று எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் பெங்களூரின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கியது, ஆனால் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றப்படும் அந்நீர் நகரத்துக்குள் யாருக்கு எவ்வளவு என்னும் வழக்கு எந்த மன்றத்திலும் முடியவில்லை.

அபாயத்தை அளக்க நம்மிடம் பொறியியலார் பலர் உளர்; அதைத் தாங்கப்போகிறவர்களைக் கேட்பார்தாம் இல்லை. ஆகவே, ஏரிப் படுகையில் கட்டட அனுமதி கேட்கப்படும்போது, அதன் தாழ்வில் வசிப்பவர்களை அழைத்து அவர்தம் ஆட்சேபத்தைப் பதிவு செய்தபின்னரே கையெழுத்திட வேண்டும் என்று விதி செய்யுமாறு, இங்குக் கூடியிருக்கும் வழக்கறிஞர்களும் குடியிருப்புச் சங்கத்தாரும் தத்தம் வார்டுக் குழுக்களில் வற்புறுத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.