ஊதாச் சாயமும் இறால் முள்ளும்

பழவேற்காட்டு ஏரியில், பாடு முறைப்படி தத்தம் முறை வரும் நாளில் வலைகட்டி இறால் பிடிக்கும் கோட்டைக்குப்பத்து மீனவர்களுக்கு, இறாலின் தலைமுள் விரலில் தைப்பது சர்வசாதாரணமாதலால், அதைப் பெரிதாக எண்ணுவாரில்லை. ஆயினும் நேயர்களே, அந்தச் சிறு துவாரத்தின் வழியே நுழையக்கூடிய கிருமிகள் யாவும் ஒரே ஜாதியல்ல.

1884-இல் டென்மார்க் தேசத்து மருத்துவர் கிராம் வெளியிட்ட முறைப்படி, கண்ணாடித் தகட்டில் தடவிய கிருமிகளுக்கு ஊதாச் சாயமேற்றி, அயோடின் விட்டு, சாராயத்தால் கழுவினால், தடித்த சுவருடையவை சாயத்தை விடாது பற்றிக்கொள்ளும். மெல்லிய சுவரும் அதன்மேல் கொழுப்புப் போர்வையும் உடையவையோ வெளுத்துப்போய், பின்னர் ஊட்டும் செஞ்சாயத்தில் சிவக்கும். சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்டாஃபிலோகாக்கஸ் முன்னதைச் சேர்ந்தது. உவர்நீரில் வாழும் விப்ரியோ பின்னதைச் சேர்ந்தது.

சுவர் எழுப்பும் வேலையையே தடுக்கும் பென்சிலினின் ஜம்பம், போர்வைக்குள் ஒளிந்த விப்ரியோவிடம் அவ்வளவாகச் சாயாது. அங்கே உதவுவது, கிருமி தன் புரதத்தை ஆக்கும் இடத்திலேயே குறுக்கிடும் டெட்ராசைக்ளின் வர்க்கம். அவ்வர்க்கத்தின் முதல் மருந்தாகிய ஆரியோமைசின் 1948-இல் அறிவிக்கப்பட்டபோது, அது பிறந்த அமெரிக்க நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர், நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அவ்வாண்டே காலமான அவரை நம்மவர் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் குறை.

முள் தைத்த கை சில மணி நேரத்திலேயே வீங்கிக் கொப்புளித்துக் காய்ச்சலும் கண்டால், கடை மாத்திரையை நம்பாமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் சென்று, காயத்தில் ஏரிநீர் பட்டதென்பதையும் சொல்லவேண்டும். ஏனெனில், பரிசோதனை முடிவு வருமுன்னரே மருந்தைத் தேர்ந்தாகவேண்டிய வைத்தியருக்கு அதுவே முதல் தடயம்.