அடுப்பங்கரைப் புகையும் நம் அயலாரும்

(விழாவையொட்டி நடந்த மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோவில் விழாவில் அடுப்பைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் குடும்பத்தின் உடல்நலம் பாதிக்கு மேல் அடுப்பங்கரையில்தான் நிர்ணயமாகிறது. ஆகவே மாதர் சங்கத்தின் சார்பில் இதைப் பேச நாங்கள் விரும்பினோம்.

அம்பத்தூரில் 1964ல் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் ராணுவ டாங்கித் தொழிற்சாலை வந்தது. அந்நாட்களில் நம் வீடுகளில் எரிந்தவை சவுக்கு விறகும், முள்ளும், வறட்டியும்தான். மர மில் பக்கத்தில் குடியிருந்தவர்கள் மரத்தூள் அடுப்பு வாங்கினார்கள். செங்குன்றத்து அரிசி ஆலைகளின் உமி கிடைத்தவர்கள் உமி அடுப்பு வைத்தார்கள். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைத்த வாரம் ஸ்டவ். கிடைக்காத வாரம் மறுபடியும் விறகு. எது கைக்கு எட்டியதோ, எது செலவுக்குக் கட்டுப்பட்டதோ, அதற்கு நம் தாய்மார்கள் மாறிக்கொண்டார்கள். ஏழை மக்கள் மாற மறுப்பவர்கள் என்று சொல்வது தவறு.

விறகுப் புகை கண்ணைக் கரிக்கும் தொல்லை மட்டுமன்று. கண்புரைக்கும், நெஞ்சுச் சளிக்கும், மூச்சிரைப்புக்கும், குழந்தைகளின் நிமோனியாவுக்கும், இருதய நோய்க்கும் அது காரணமாகிறது. 2020ம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகையால் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இதற்குப் பரிகாரம் தேடாமல் இல்லை. புகைபோக்கி வைத்த அடுப்பை ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்பவர் உருவாக்கினார். அதைப் பற்றிய அவருடைய நூல் 1953ல் நம் சென்னையிலேயே அச்சாயிற்று. தமிழக அரசு 2007 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கியது. 2016ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. ஆயினும் பல வீடுகளில் காப்பியும் பாலும் காஸ் அடுப்பில். சோறும் வெந்நீரும் கொல்லைப்புற விறகடுப்பில். இது பழக்கத்தின் பிடிவாதமா?

பூந்தமல்லிக்கு அருகே போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் பங்கு கொண்ட ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை அதில் சேர்த்தார்கள். இந்தியாவில் அது விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளில் நடந்தது. பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும், 18 மாதங்களுக்குத் தடையின்றி இலவச எரிவாயுவும் வீட்டுக்கே வந்தன. அவர்கள் விறகடுப்பை அநேகமாக முற்றிலும் விட்டுவிட்டார்கள்! அவர்கள் சுவாசித்த நுண்தூசி, விறகில் சமைத்தவர்களுடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. தடை மனதில் இல்லை, சிலிண்டர் விலையில் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

உண்மையை முழுவதும் சொல்ல வேண்டும். அதே ஆய்வில் குழந்தைகளின் பிறப்பு எடையிலும் (2022), கடுமையான நிமோனியாவிலும் (2024) குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. புகை தீங்கற்றது என்று இதற்குப் பொருளன்று. தாயின் ஊட்டமும், பக்கத்து வீட்டுப் புகையும், தெருவில் எரியும் குப்பையும் சேர்ந்தே குழந்தையின் நலத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரு வீட்டு அடுப்பைச் சில மாதங்கள் மாற்றினால் மட்டும் போதாது என்றே நாங்கள் இதிலிருந்து அறிகிறோம்.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் செங்கற்பட்டுப் பகுதியிலும் வாழும் இருளர் மக்களைப் பாருங்கள். விறகும் மூலிகையும் அவர்களுக்குக் காடும் ஏரிக்கரையும் தந்தவை. பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடிப்பது பலருக்கு ஜீவனமாக இருந்தது. 1970களில் சட்டம் அதைத் தடுத்தபோது அவர்கள் பிழைப்பு போயிற்று. 1978ல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தம் பழைய அறிவை அவர்கள் தூக்கி எறியவில்லை. வழி திறந்தபோது அதையே புதிய மருத்துவத்துக்கு உதவச் செய்தார்கள்.

ஆகவே பங்கு மக்களே, எங்கள் வேண்டுகோள் சில. பாம்பு கடித்தால் இறுகக் கட்டவோ, கீறவோ, உறிஞ்சவோ கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் 108 வண்டியை அழைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். விறகில் சமைப்பவர்கள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதாதீர்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசி, துணி தருவதோடு, கர்ப்பிணி உள்ள ஏழை வீட்டுக்குச் சிலிண்டர் நிரப்பும் செலவிலும் ஒரு பகுதியை ஏற்கலாமே! ரேஷன் அட்டையும் சாதிச் சான்றிதழும் இல்லாத இருளர் குடும்பத்துக்கு, மனு எழுதத் தெரிந்த நம் இளைஞர்கள் துணை போகலாமே!

நம் ஆலயத்தில் தூபம் எழும்புவது அழகு. நம் அயலார் வீட்டுத் தாயின் மார்பை அடைக்கும் புகை நீங்கினால், இவ்விழா அவர்களுக்கும் விழாவாகும்.