கல் அடுக்கும் வேலை

தாசேக் கெலுகோர் வயலும் செம்பனையும் சூழ்ந்த ஊர். இங்கே ஒரு தாமான் வீட்டு வரவேற்பறையில் பவளத் தொட்டி வைக்க முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் கடல்நீர் மொண்டுவர பட்டர்வொர்த் கரைக்குப் போகாதீர்கள். நம் நீரிணை ஓரத்தில் சேறு அதிகம். நல்ல பவளப்பாறை பார்க்க வடக்கே பாயார் தீவு வரை போக வேண்டும். அது கடல் பூங்கா. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி அங்கிருந்து துண்டுப் பவளம்கூட எடுக்கக் கூடாது.

ஆகவே கடல்நீரை வீட்டிலேயே கலக்க வேண்டியதுதான். 60 லிட்டர் தொட்டிக்கு, மீன் கடையில் விற்கும் கடலுப்பு மாவு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும். சமையல் உப்பு உதவாது; அதில் கால்சியமும் மக்னீசியமும் இருக்காது. குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு என்பதால் ஆர்.ஓ. தண்ணீரில் கலப்பது நல்லது. கலந்த நீரின் ஒப்படர்த்தி 1.025 வந்தால் போதும்.

இனி கல். என்னைக் கேட்டால் தொட்டியின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது. துளைகள் நிறைந்த கல்லில் குடியேறும் நுண்ணுயிர்கள்தான் மீன் கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961லேயே இப்படிப்பட்ட கல்லை நம்பி நடக்கும் தொட்டியைப் பற்றி எழுதிவிட்டார். நுண்ணுயிர்கள் குடியேறிய உயிருள்ள கல்லைப் போட்டு, காற்றுக்குமிழி மட்டும் விட்டுத் தொட்டியை நடத்தியவர் அவர். நம் பக்கத்து நாட்டுக்காரர். பெயர் இங்கே அதிகம் பேருக்குத் தெரியாது.

பலர் மதில் கட்டுவது போல் பின்கண்ணாடியை ஒட்டிக் கல்லை நெருக்கி அடுக்குகிறார்கள். பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் பின்னால் நீரோட்டம் செத்துப்போய், அழுக்கு தேங்கி, பாசி பிடிக்கும். அடிக்கல்லை மணலுக்கு மேல் வைக்காமல் கண்ணாடித் தரையிலேயே வையுங்கள்; அதன் பிறகு மணல் கொட்டுங்கள். இல்லையென்றால் மணலைத் தோண்டும் இறால் ஒன்று அடுக்கையே சரித்துவிடும். கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையே துடைப்பான் நுழையும் இடைவெளி விடுங்கள். இரண்டு கல்லுக்கு நடுவே மீன் நுழைந்து வெளிவர ஒரு வளைவு வேண்டும். கற்களை ஒட்ட ஜெல் வகை சூப்பர் குளூவும் நீருக்குள் இறுகும் எபாக்சி மாவும் போதும். தண்ணீர் விடுவதற்கு முன்பே அடுக்கி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தொட்டியில் பாதிக்கு மேல் வெற்றிடமாக இருக்கட்டும். பவளம் வளரும் அல்லவா?

பிறகு நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் சுழிக்கு வரும்வரை மீன் கிடையாது.

நம் ஊரின் உண்மையான எதிரி சூடு. பவளத்துக்கு 25 முதல் 27 பாகை ஏற்றது. நம் வீடுகளில் பிற்பகலில் 30ஐத் தாண்டும். 2010இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது, மலேசியக் கடல் பூங்காக்களில் சில முக்குளிப்புத் தளங்களையே மூடினார்கள். தண்ணீர் மேல் சிறு விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை குறையும்; மழை நாளில் அவ்வளவு எடுபடாது. விசிறிக் காற்றில் நீர்தான் ஆவியாகும், உப்பு ஆகாது. குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே நிரப்புங்கள்.

முதல் பவளமாகக் காளான் பவளமும் சோவாந்திடும் நல்லவை. சோவாந்திட் ஒட்டிய கல்லை மட்டும் கொதிக்க வைக்காதீர்கள். அந்த ஆவியில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு கலந்து, வீட்டில் இருப்பவர்கள் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு. கையுறை போட்டே தொடுங்கள்.

கடைசியாக மீன். பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி 60 லிட்டரில் சுகமாக வாழும். நீமோ என்ற கோமாளி மீன் வரும் படத்தைப் பார்த்த பிள்ளைகள் அடுத்து அதில் வரும் டோரி என்ற நீல மீனையும் கேட்பார்கள். அது ஓர் அடி வளரும். நீமோவுக்கு இடம் உண்டு, டோரிக்கு இல்லை என்று கடைக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.