வானம் பார்க்க என்ன வாங்கலாம்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு குழுவில் இருந்து ஒரு கோரிக்கை வந்தது. ஒன்பதாவது படிக்கிற மகளுக்கு டெலஸ்கோப் வாங்க உள்கடன் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். சிலர் சிரிச்சாங்க. நாங்க சிரிக்கலைங்க. பொம்பளப் பிள்ளை வானத்தைப் பார்க்க ஆசைப்படுவது நல்ல விஷயம். ஆனால் பனியன் கம்பெனியில ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு, அது வீணாகக் கூடாது.

எங்கள் கருத்து, முதலில் டெலஸ்கோப் வேண்டாம், பைனாகுலர் போதும். விலை குறைந்த டெலஸ்கோப்பின் பெட்டி மேலே பல நூறு மடங்கு பெரிதாகத் தெரியும்னு போட்டிருப்பாங்க. வீட்டுக்கு வந்தா ஸ்டாண்டு ஆடும், படம் மங்கும், நிலாவைப் பிடிக்கவே அரைமணி நேரம் ஆகும். ரெண்டு நாளில் அது கட்டிலுக்கடியில் போயிடும். பைனாகுலரை எடுத்தவுடனே ரெண்டு கண்ணாலும் பார்க்கலாம். பகலில் நஞ்சராயன் குளத்துப் பறவைகளையும் பார்க்கலாம்.

பைனாகுலரில் 10x50 என்று எழுதியிருக்கும். 10 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 50 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். அகலம் கூடினால் வெளிச்சம் கூடும். 50-ஐ 10-ஆல் வகுத்தால் 5. அந்த 5 மில்லிமீட்டர் அகலத்துக்குத்தான் வெளிச்சம் கண்ணுக்குள் வரும். இருட்டில் சின்ன வயசுக்காரர்களின் கருமணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயசு ஏற ஏற, பலருக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் விரியும். அதனால் குழுவுக்குப் பொதுவாக ஒன்று வாங்கினால் 10x50 நல்லது. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் 8x40, கை வலிக்காது. 10-க்கு மேல் போனால் கை ஆட்டத்தில் நட்சத்திரமும் சேர்ந்து ஆடும். விலை குறைந்த ‘ஜூம்’ மாடல் பக்கம் போகவே வேண்டாம்.

இனி செக்கிங். இது உங்களுக்குச் சொல்லித் தரணுமா? ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்டது எல்லாத்தையும் ஒரு பார்வையில் பிடிக்கிற கண்ணுங்க உங்களுது. அதே மாதிரி இதையும் பாருங்க. கை நீட்டிப் பிடித்து வெளிச்சமான சுவரைப் பார்த்தால், கண் வைக்கிற பக்கம் ரெண்டு வெளிச்சப் பொட்டு தெரியும். அது முழு வட்டமாக இருக்கணும். ஓரம் வெட்டுப்பட்டு சதுரம் போல இருந்தால் உள்ளே இருக்கிற கண்ணாடி மட்டம். முன்கண்ணாடி சிவப்பாகப் பளபளத்தால் வாங்காதீங்க. அது அழகுக்குத்தான். லேசாக ஆட்டினால் உள்ளே சத்தம் வரக்கூடாது. தூரத்துச் செல்போன் டவரை ரெண்டு கண்ணாலும் பாருங்க. டவர் ரெண்டாகத் தெரிந்தாலோ, கண் இழுத்தாலோ அது செகண்ட்ஸ் பீஸ்தான். ஆன்லைனில் வாங்கினால் வந்த அன்றைக்கே இதையெல்லாம் பார்த்துவிட்டு, சரியில்லை என்றால் கெடுவுக்குள் திருப்பி அனுப்புங்க.

மங்கலாகத் தெரியுதுன்னு உடனே குறை சொல்ல வேண்டாம். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்க. பிறகு இடது கண்ணை மூடி, வலது கண் பக்க வளையத்தை மட்டும் திருப்புங்க.

பார்க்க என்ன இருக்கு? அரை நிலாவின் ஓரத்தில் பள்ளங்கள் நல்லாத் தெரியும். வியாழனுக்குப் பக்கத்தில் அதன் நான்கு நிலாக்கள் புள்ளிகளாகத் தெரியும். 1610-இல் கலிலியோ கண்டுபிடித்தது அவற்றைத்தான். வெறும் கண்ணுக்கு ஆறேழாகத் தெரிகிற கார்த்திகை நட்சத்திரம் இதில் டஜன் கணக்கில் விரியும். தீபத்தன்று பௌர்ணமி வெளிச்சம் இருக்கும், நாலஞ்சு நாள் கழித்து முன்னிரவில் பாருங்க. சனியின் வளையம் மட்டும் இதில் தெரியாது. பிள்ளைக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

ஊருக்குள் விளக்கு வெளிச்சம் அதிகம். வெளிச்சத்துக்குப் பயந்துதான் விஞ்ஞானிகளே ஜவ்வாது மலைக் காவலூருக்குப் போனாங்க. 1986-இல் அங்கே 2.34 மீட்டர் அகல டெலஸ்கோப்பைத் திறந்தார்கள். நமக்கு மொட்டைமாடியோ தோட்டமோ போதும். கயித்துக்கட்டிலில் மல்லாந்து படுத்துப் பாருங்க, கை ஆடாது.

ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறோம். பைனாகுலரில் சூரியனைப் பார்க்கக் கூடாது, ஒரு நொடிகூட. 2019 டிசம்பர் 26 காலையில் நம் திருப்பூரில் வளைய சூரிய கிரகணம் வந்தது ஞாபகம் இருக்கும். அன்றைக்குப் போட்ட கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் பைனாகுலரில் பார்க்கக் கூடாது. குவிகிற சூடு அதையே உருக்கிடும், பார்வை போயிடும். பகலில் பிள்ளைகள் எடுத்தால் பெரியவங்க யாராவது கூட இருங்க.

வாங்கியதும் பில்லைப் பத்திரமாக வைத்து, இருப்புப் பதிவேட்டில் எழுதிடுங்க. யார் வாங்கிட்டுப் போனாலும் கையெழுத்து வேணும். வாரைக் கழுத்தில் மாட்டிட்டுத்தான் கையில் எடுக்கணும்.