நேர்த்தியும் வைப்போம், இரத்தமும் சோதிப்போம்



இந்த மேடையில் ஏறுகிறவர் மொழியைப் பற்றிப் பேசுவார், ஊரைப் பற்றிப் பேசுவார். நான் இன்றைக்கு உங்கள் சோற்றுக் கோப்பையைப் பற்றியும் தேத்தண்ணிக் கோப்பையைப் பற்றியும் மேசைக்குக் கீழே நிற்கிற போத்தலைப் பற்றியும் பேசப் போகிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். இத்தாலியின் இந்தப் பலெர்மோ நகரத்தில் நாங்கள் ஆளையாள் நோகடிக்கக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருந்து எத்தனை பேரைச் சவக்காலைக்குக் கொண்டுபோய் விட்டோம் என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

நாங்கள் குண்டுக்குத் தப்பி வந்த சனம். இங்கே வந்து மற்றவர்களின் வீடுகளைக் கூட்டித் துடைத்தோம். அவர்களின் வயதுபோன தாய் தகப்பனைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தினோம். அந்தக் காசில் தங்கச்சிக்குக் கலியாணம், தம்பிக்குப் படிப்பு, கோயிலுக்குத் திருப்பணி எல்லாம் நடந்தது. அத்தனைக்கும் எங்களிடம் இருந்த ஒரே முதல் இந்த உடம்பு. அந்த முதலைத்தான் நாங்கள் கண் தெரியாமல் அழிக்கிறோம். நாற்பத்தைந்து வயதில் நெஞ்சுக்குள் ஸ்டென்ட், ஐம்பதுக்குள் இன்சுலின் ஊசி. கேட்டால், ‘எங்கட ஆக்களுக்கு வாறதுதானே’ என்கிறோம். அந்தச் சொல்லை எதிர்க்கத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

நீங்கள் எல்லாரும் மொந்தே பெல்லெகிரினோ மலைக்குப் போகிறவர்கள். சைவமோ வேதமோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் வேலை போனாலும் இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் ஓடுகிறோம். அதில் பிழை ஒன்றும் இல்லை. 1624 இல் தூனிசிலிருந்து வந்த கப்பலோடு கொள்ளைநோய் இந்த நகரத்துக்குள் இறங்கியது. சிசிலியை ஆண்ட அரசப் பிரதிநிதி எமானுவேலே பிலிபெர்த்தோவே அதே வருடம் செத்துப் போனார். அப்போதுதான் அந்த மலைக் குகையில் ரொசாலியாவின் எலும்புகள் கிடைத்தன. அடுத்த வருடம் அவற்றை ஊர்வலமாகக் கொண்டு சென்றார்கள், நோய் நின்றது என்பது இந்த ஊரின் நம்பிக்கை. 2024 இல் அதன் நானூறாவது ஆண்டுத் திருவிழாவில் எங்கள் சனமும் தெருவில் நின்றது.

ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. 1624 க்குக் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் முந்தி, 1575 இலும் இங்கே கொள்ளைநோய் வந்தது. அப்போது சிசிலியின் தலைமை வைத்தியராக இருந்தவர் ஜொவான்னி பிலிப்போ இங்கிராசியா. கொள்ளைநோய்க்கு அவர் மூன்று மருந்து சொன்னார்: பொன், நெருப்பு, தூக்குமரம். பொன், நோயாளியைப் பராமரிக்கிற செலவுக்கு. நெருப்பு, நோய் பட்ட சாமானை எரிக்க. தூக்குமரம், ஒழுங்கை மீறி நோயைப் பரப்புகிறவனுக்கு. கும்பிடுகிற சனம் வாழ்ந்த அதே ஊரில்தான் அந்த வைத்தியரும் ஒழுங்கு கேட்டார். நான் தூக்குமரம் கேட்கவில்லை. மற்ற இரண்டையும் கேட்கிறேன். சாமத்திய வீட்டு மண்டபத்துக்குக் கொட்டுகிற காசில் ஒரு பங்கை உடம்புக்கு ஒதுக்குங்கள். வீட்டில் இருக்கக் கூடாததை வெளியே எறியுங்கள்.

நேர்த்திக்கு வெறுங்காலோடு மலை ஏறுகிற அக்கா, ஊசிக்குப் பயந்து இரண்டு வருடமாக இரத்தம் சோதிக்காமல் இருக்கிறா. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இத்தாலியின் அரசியல் சட்டம் 32 ஆம் பிரிவில் சுகாதாரத்தைத் தனிமனிதரின் அடிப்படை உரிமை என்றும் சமூகத்தின் நலன் என்றும் சொல்கிறது. 1978 இல் 833 ஆம் இலக்கச் சட்டம் எல்லாருக்கும் பொது மருத்துவத்தைக் கொண்டுவந்தது. 1987 இல் நீரிழிவுக்கென்றே 115 ஆம் இலக்கச் சட்டம் போட்டார்கள். சீனி வருத்தம் என்று உறுதியானால் 013 என்ற இலக்கத்தில் விலக்குத் தருவார்கள், அந்த வருத்தத்தைக் கண்காணிக்கிற சோதனைகளுக்கு ‘திக்கெத்’ காசு கட்டத் தேவையில்லை. நீங்கள் வேலை செய்து வரி கட்டிய நாட்டின் சட்டம் இது. பிச்சை கேட்கிறதாக நினைத்துக் கூச வேண்டாம்.

இருந்தும் ஐம்பது வயதானதும் வீட்டுக்கு வருகிற கடிதத்தை என்ன செய்கிறோம்? மார்புப் புற்றுநோய்ச் சோதனைக்கும் குடல் புற்றுநோய்ச் சோதனைக்கும் வா, காசில்லை என்று சுகாதாரப் பகுதி அனுப்புகிற கடிதம் அது. இத்தாலியனில் இருக்கிறதென்று குப்பைக்குள் போடுகிறோம். கர்ப்பப்பைக் கழுத்துச் சோதனைக்கு இருபத்தைந்து வயதிலிருந்தே அழைக்கிறார்கள். போகிற தாய்மாரும் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். தாயின் இரத்தப்போக்கைப் பற்றி அந்தப் பிள்ளை டொக்டருக்குச் சொல்ல வேண்டுமா? இங்கே பிறந்து பல்கலைக்கழகம் போகிற எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! வளர்ந்த அந்தப் பெண்பிள்ளைகளைக் கேளுங்கள், மாறி மாறி வருவார்கள்.

‘நான் மெல்லிய ஆள், எனக்குச் சீனி வராது’ என்கிற அண்ணைமாருக்கு ஒரு வார்த்தை. எங்கள் தெற்காசிய உடம்பு கைகாலில் மெலிந்து வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்க்கிற உடம்பு. அதனால்தான் உயரத்துக்கேற்ற எடையைக் கணக்குப் பார்க்கிற பிஎம்ஐ 25 ஐத் தாண்டினால் கவனம் என்று பொதுவாகச் சொல்கிற உலக சுகாதார நிறுவனம், ஆசிய மக்களுக்கு 23 இலேயே கவனம் என்று 2004 இல் சொன்னது. தராசு வேண்டாம், தையல் நாடா போதும். ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. அதற்கு மேலே போனால் டொக்டரிடம் போய்க் ‘கிளிக்காத்தா’ எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று மாதச் சீனியைச் சொல்கிற சோதனை அது, வெறுவயிறும் தேவையில்லை. 6.5 வீதத்தைத் தொட்டால் வருத்தம். 5.7 க்கும் 6.4 க்கும் இடையில் என்றால் வாசற்படியில் நிற்கிறீர்கள், திரும்பி வர இன்னும் வழி உண்டு. இதைச் சென்னையில் செய்தே காட்டியிருக்கிறார்கள். டொக்டர் ராமச்சந்திரன் குழுவினர் அந்த வாசற்படியில் நின்ற ஆட்களைச் சாப்பாட்டையும் நடையையும் திருத்த வைத்து மூன்று வருடம் பார்த்தார்கள். நோய் வருவது கால்வாசிக்கு மேல் குறைந்தது. 2006 இல் வெளிவந்த ஆய்வு. எங்கள் இரத்தம், எங்கள் சோறு சாப்பிடுகிற சனம். ‘எங்கட ஆக்களுக்கு வாறதுதானே’ என்று இனி யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்த சாட்டு: ‘நாள் முழுக்க நாலு வீட்டில மாடிப்படி ஏறி இறங்கிறன், இதுக்கு மேல என்ன உடற்பயிற்சி?’ வேலை உடம்பை அசைக்கிறது உண்மைதான். ஆனால் குனிந்து துடைக்கிறதும் நோயாளியைத் தனியாகத் தூக்குகிறதும் நாரியையும் முழங்காலையும் தேய்க்கிறது. நெஞ்சுக்குத் தேவை, மூச்சு வாங்க ஒரே சீராகக் கைவீசி நடக்கிற நடை. கிழமைக்கு 150 நிமிடம். கிழமையில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம். உலகமெங்கும் காசு கொடுத்து ஜிம்முக்குப் போகிறார்கள். எங்களுக்குப் ஃபவோரித்தா பூங்கா இருக்கிறது, ஃபோரோ இத்தாலிக்கோ கடற்கரை இருக்கிறது, நானூறு மீற்றருக்கு மேலே ரொசாலியாவின் குகைக்குக் கல் பாவிய பழைய பாதை இருக்கிறது. வருடத்தில் ஒருநாள் ஏறிவிட்டு ஒரு கிழமை கால் நோகப் படுக்கிறதை விட்டு ஒவ்வொரு ஞாயிறும் ஏறுங்கள். மருந்து எடுக்கிறவர்களும் நெஞ்சு நோ உள்ளவர்களும் டொக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

இனிச் சாப்பாடு. இதில்தான் எனக்கு ஆகப் பெரிய வயிற்றெரிச்சல். மத்தியதரைக்கடல் உணவு மரபை 2010 இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. எதைச் சேர்த்தது? காய்கறி, பருப்பு, மீன், ஒலிவ் எண்ணெய், கொஞ்ச இறைச்சி, கூடியிருந்து சாப்பிடுகிற பழக்கம். இந்தத் தெற்கு இத்தாலிச் சனமே அதைக் கைவிட்டு, பிள்ளைகளின் உடற்பருமனில் வடக்கை முந்தி நிற்கிறது. நாங்கள் வந்து சேர்ந்த நாட்டிடமிருந்து அதன் கெட்ட பழக்கத்தைத்தான் கற்றோம்: காலையில் கிரீம் வைத்த கொர்னெத்தோ, தெருவில் பொரித்த அரன்சீனா, பிள்ளையின் கையில் சோடாப் போத்தல். ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கத்திலும் கெட்டதைத்தான் விடாமல் வைத்திருக்கிறோம்: இரவு பத்து மணிக்கு மலைபோலச் சோறு, அதற்குமேல் பொரியல்.

பல்லாரோ சந்தைக்குப் போங்கள். கோடையில் நீளமாகத் தொங்குகிற குக்குட்சா என்ன? எங்கள் சுரைக்காய். கட்டுக்கட்டாக விற்கிற தெனெரூமி என்ன? சுரைக்கொடியின் இலையும் கொழுந்தும். ஊரில் வேலியில் படர்ந்ததை இங்கே சனம் வரிசையில் நின்று வாங்குகிறது, நாங்கள் கண்டும் காணாமல் போகிறோம். அதில் பருப்புப் போட்டு ஒரு சுண்டல் செய்து பாருங்கள். சார்தே என்கிறார்களே, அது எங்கள் சாளைக்குச் சொந்தம். அச்சூகே, நெத்தலிக்குச் சொந்தம். மலிவான மீன், நெஞ்சுக்கு நல்ல கொழுப்பு. பொரிக்காமல் புளி விட்டுக் குழம்பு வையுங்கள். கடலை இருக்கிறது, கத்தரிக்காய் இருக்கிறது, பெருஞ்சீரகக் கிழங்கு இருக்கிறது. கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி மீனோ பருப்போ, மிச்சக் கால்வாசி சோறு. புட்டும் இடியப்பமும் மாச்சத்துத்தான், குரக்கன் புட்டென்றாலும் அளவோடு. கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள், ஒரு நாளுக்கு ஐந்து கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சீனியைக் கணக்குப் பாருங்கள். நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி. தேத்தண்ணியிலேயே நாற்பது, ஐம்பது கிராம் போய்விட்டது. ஒருவருக்கு நாள் முழுக்க ஆகக்கூடிய எல்லையே கிட்டத்தட்ட ஐம்பது. அதற்குமேல் பிறந்தநாள் கேக், அதற்குமேல் சோடா. பாவற்காய்த் தூளும் ஏதோ வேரும் ஒரு மாதத்தில் சீனியை இல்லாமல் செய்யும் என்று போனில் சுற்றுகிற விளம்பரத்தை நம்பி மெற்ஃபோமினை நிறுத்துகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தத் தூளை விற்கிறவன் உங்கள் சிறுநீரகம் பழுதானால் திரும்பிப் பார்க்க மாட்டான். டொக்டரைக் கேளாமல் ஒரு குளிசையையும் நிறுத்தாதீர்கள்.

இப்போது போத்தல். எங்கள் விழா எதில் சாராயம் இல்லை? ஐந்து வயதுப் பிள்ளையின் பிறந்தநாளில் தகப்பன்மார் மண்டபத்துக்கு வெளியே கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பிள்ளை கேக் வெட்டத் தகப்பனைத் தேடுகிறது. இரவு வீட்டில் என்ன நடக்கிறது என்று தாய்மார் சொல்ல மாட்டீர்கள், அடுத்த நாள் வேலைக்குப் போய் ‘படியில விழுந்திட்டன்’ என்பீர்கள். குடிக்காதவனை ஆம்பிளையா என்று கேட்கிற அண்ணைமாரைத்தான் நான் முதலில் குற்றம் சாட்டுகிறேன். வேலையில்லாமல் நேற்று வந்த தம்பிக்கு முதல் கிளாசை ஊற்றிக் கொடுத்தது நீங்கள்.

‘கவலைக்குக் குடிக்கிறம்’ என்கிறார்கள். அந்தக் கவலை பொய்யில்லை. 2009 இல் ஈழப் போரின் கடைசிக் கட்டத்தில் ஒரே நாளில் குடும்பத்தையே இழந்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் நான் தலை குனிகிறேன். அந்தத் துயரத்துக்குப் பக்கத்தில் இருக்க ஆள் வேண்டும், டொக்டர் வேண்டும். நாங்கள் ஊற்றிக் கொடுத்ததோ ஈரலைத் தின்கிற, வாயிலும் தொண்டையிலும் மார்பிலும் புற்றுநோயை வளர்க்கிற பொருள். விட முடியாதவர்களுக்கு அரசாங்கத்தின் ‘சேர்த்’ நிலையங்கள் இருக்கின்றன, காசில்லை, பெயரை வெளியில் சொல்லாமல் பார்க்கக் கேட்கும் உரிமையும் உண்டு. நாள்தோறும் நிறையக் குடிக்கிறவர் வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், உயிரே போகலாம். டொக்டரோடு நிறுத்துங்கள்.

வெற்றிலைக்கு வருகிறேன், அம்மம்மாக்கள் கோபிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துப் புகையிலை காசு கொண்டுவந்த பயிர், எத்தனையோ வீட்டுக் கூரை அந்தக் காசில் ஏறியது. ஆனால் புகையிலை இல்லாமல் பாக்கு மட்டும் சப்பினாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் தீர்ப்புச் சொல்லி இருபது வருடம் கடந்துவிட்டது. சிகரெட்டைப் பற்றி வேறு பேச்சே வேண்டாம். 2005 ஜனவரியில் இத்தாலி கடைகளுக்குள்ளும் வேலைத்தலங்களுக்குள்ளும் புகைக்கத் தடை போட்டது. எங்கள் வீட்டுக் குசினிக்குள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இன்னும் புகைக்கிறோம்.

வேலை வீடுகளில் ஒன்றைக் கவனியுங்கள். கந்தெஜ்ஜீனா என்கிற வெளுக்கும் திரவத்தோடு ஆசிதோ மூரியாத்திக்கோ என்கிற அமிலத்தைக் கலக்காதீர்கள், அமோனியாக்காவோடும் கலக்காதீர்கள். பளிச்சென்று வெளுக்கும் என்று எந்த சிஞ்ஞோரா சொன்னாலும் மாட்டேன் என்று சொல்லுங்கள். ஒன்றில் குளோரின் வாயு கிளம்பும், மற்றதில் குளோரமின். பூட்டிய குளியலறையில் இரண்டுமே சுவாசப்பையை எரிக்கும். முறையாக ஒப்பந்தம் எழுதி வேலை செய்யுங்கள். அப்போதுதான் சுகமில்லாத நாளுக்குச் சம்பளம் கேட்க வாய் இருக்கும். சம்பளம் போகும் என்ற பயத்தில் காய்ச்சலோடு வேலைக்குப் போகிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

விழாக் குழுவினருக்கு என் கோரிக்கை இதுதான். இன்றைக்கே கைதூக்கி முடிவெடுங்கள்: எங்கள் பெயரில் எடுக்கிற எந்த மண்டபத்திலும் அதன் வாசலிலும் சாராயம் இல்லை, பிள்ளைகளின் மேசையில் சோடா இல்லை, வருடத்தில் இரண்டு தடவை டொக்டரை அழைத்து எல்லாருக்கும் பிரஷரும் சீனியும் பார்ப்பது. குடும்பத் தலைவர்களே, வருகிற வியாழன் பின்னேரம் உங்களுக்கு ஓய்வு. மனைவியையும் கூட்டிக்கொண்டு குடும்ப டொக்டரிடம் போங்கள், இரத்தச் சோதனைக்குத் துண்டு எழுதி வாங்குங்கள்.